கப்பல் கூலி ஐந்து டாலர்: தூத்துக்குடிச் சரக்கு முகவர் ஒருவரிடம் இரண்டு முறை ஏற்றுமதி செய்த அனுபவம்

சாயல்குடியில் கருப்பட்டி, முண்டு வற்றல், பனையோலைப் பெட்டிகள் ஆகியவற்றை வாங்கி விற்கும் சிறு வியாபாரம் எங்களுடையது. 2024ஆம் ஆண்டு மே மாதம் மலேசியாவின் கிளாங் துறைமுகத்துக்கும், 2025ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் துபாயின் ஜெபல் அலித் துறைமுகத்துக்கும் தூத்துக்குடியில் உள்ள ஒரு சரக்கு முகவர் நிறுவனத்தின் வழியாக ஏற்றுமதி செய்தோம். அந்த நிறுவனத்தின் சேவையைப் பற்றியதுதான் இந்த மதிப்புரை. பெயரைச் சொல்லப்போவதில்லை, குறைகளையும் எழுத வேண்டியிருப்பது ஒரு காரணம், அவர்களோடு கணக்குவழக்கு இன்னும் நடந்துகொண்டிருப்பது மற்றொன்று. பெயர் தெரியாவிட்டாலும், இந்தக் கடற்கரையிலிருந்து முதன்முறையாகச் சரக்கு அனுப்ப நினைப்பவர்களுக்கு எதைப் பார்த்து முகவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இதில் தெரியும்.

வாசலிலேயே கடலை வைத்துக்கொண்டு தூத்துக்குடிக்கு ஏன் போக வேண்டும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கேட்பதுண்டு. 1964 டிசம்பர்ப் புயலுக்கு முன்பு தனுஷ்கோடி வரை ரயிலில் போன சரக்கு, அங்கிருந்து கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கிய காலத்தைப் பார்த்தவர்கள் அவர்கள். இன்று கண்டெய்னர் ஏற்றும் கப்பல் எதுவும் பாம்பன் வாய்க்காலில் நுழைய முடியாது. பாக் நீரிணையிலும் ஆதம் பாலத்தை ஒட்டியும் ஆழம் அவ்வளவு குறைவு. தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போகும் பெரிய கப்பல்கூட இலங்கையைச் சுற்றித்தான் போகிறது. ஆகவே தொண்டியில் இருப்பவரானாலும் கீழக்கரையில் இருப்பவரானாலும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியைத் தெற்கே திருப்புவதே வழி. எங்களுக்கு வேம்பார், குளத்தூர் வழியாக ஒன்றரை மணி நேரப் பயணம்.

முதலில் நிறைகளைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அவை உண்மையிலேயே நிறைய. நாங்கள் போய் நின்றபோது எங்கள் கையில் இருந்தவை ஜி.எஸ்.டி. பதிவும், உணவுப் பாதுகாப்பு உரிமமும், கிளாங்கில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் கீழக்கரைப் பாய் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆர்டரும்தான். ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும் என்பது தெரியும். வற்றலுக்கு நறுமணப் பொருள் வாரியத்தின் ஏற்றுமதியாளர் பதிவுச் சான்று தனியாக வேண்டும் என்பது தெரியாது. ஏற்றுமதிப் பணம் வந்து சேரும் வங்கிக் கிளையின் ஏ.டி. குறியீட்டைச் சுங்கத் துறையின் இணையதளத்தில் ஏற்றினால்தான் ஷிப்பிங் பில் எனப்படும் ஏற்றுமதி அறிவிப்பைப் போட முடியும் என்பதும், வரி கட்டாமல் அனுப்புவதற்கு எல்.யு.டி. எனப்படும் உறுதிமொழியை ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும் என்பதும் அங்கே உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. மேசையில் இருந்த தம்பி, எதை நாங்களே இணையத்தில் செய்துகொள்ளலாம், எதை அவர்களிடம் கொடுக்கலாம் என்று ஒரு தாளில் இரண்டாகப் பிரித்து எழுதிக் கொடுத்தார். குறியீட்டு எண்ணுக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான், அதற்கு யாருக்கும் ஐயாயிரம் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னார். தம் பிழைப்புக்கு எதிரான தகவலைத் தானாகச் சொல்லும் முகவரை நம்பலாம் என்று அன்று நினைத்தேன். அந்த நினைப்பு பாதி சரி.

இன்னொன்றையும் அவர்தான் கேட்டார். பெட்டியின் மேல் ‘ராமநாதபுரம் முண்டு மிளகாய்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தோம். 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, மாவட்டத்தில் வற்றல் விற்கும் எல்லோரும் அந்தப் பெயரைச் சொந்தமாகவே நினைக்கிறோம். ஆனால் குறியீட்டோடு அந்தப் பெயரைப் பயன்படுத்துபவர் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். “பதிவு வச்சிருக்கீங்களா அண்ணாச்சி?” என்று கேட்டார். இல்லை. பெட்டிகளின் மேல் வெறும் ‘முண்டு வற்றல்’ என்ற ஒட்டியை ஒட்டி அனுப்பினோம். பதிவுக்கு அதன்பின் விண்ணப்பித்தோம்.

சரக்கைக் கட்டும் விஷயத்தில் அவர்கள் காட்டிய அக்கறையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் சிறு ஏற்றுமதியாளரின் பணம் கரைவதும் மிஞ்சுவதும் அந்த இடத்தில்தான். முழுக் கண்டெய்னரை நிரப்பும் அளவுக்கு எங்களிடம் சரக்கு இல்லை. இருபதடிக் கண்டெய்னரின் உட்புறம் ஏறக்குறைய 33 கன மீட்டர் கொள்ளும்; எங்களுடையது அதில் கால் பங்குகூட வராது. பலருடைய சரக்கை ஒரே பெட்டியில் சேர்த்து அனுப்பும் எல்.சி.எல். முறையே எங்களுக்குப் பொருந்தும். அந்த முறையில் ஒரு கன மீட்டர் அல்லது ஒரு டன், இரண்டில் எது அதிகமோ அதற்கே கூலி. முண்டு வற்றல் உருண்டையாக, உள்ளே காற்றோடு இருக்கும் பண்டம். இடத்தை அடைக்குமே தவிர எடை நிற்காது. கருப்பட்டியோ சிரட்டையில் ஊற்றி எடுத்த அரைக்கோளம். எடை உண்டு, ஆனால் பெட்டிக்குள் அடுக்கினால் வளைவுகளுக்கு நடுவே வெற்றிடம் விழும்.

நாங்கள் கொண்டுபோன பட்டியல் இப்படி இருந்தது: 60க்கு 40க்கு 40 சென்டிமீட்டர் அளவில் 40 அட்டைப்பெட்டி வற்றல், 40க்கு 30க்கு 25 அளவில் 50 பெட்டி கருப்பட்டி, பெரிய அளவிலேயே 20 பெட்டி ஓலைப்பெட்டிகள். மொத்தம் 7.26 கன மீட்டர், எடை ஒன்றரை டன். கன அளவே அதிகம் என்பதால் எடையைப் பற்றிக் கவலையில்லை. இடத்தைக் குறைத்தால் நேரடி லாபம். அவர்கள் கிடங்கில் இருந்த மேற்பார்வையாளர் ஓலைப்பெட்டிப் பெட்டி ஒன்றைப் பிரித்து, உள்ளே இருந்த கொட்டான்களைத் தரையில் பரப்பினார். எல்லாம் ஒரே அளவில் முடைந்தவை. ஒன்றுக்குள் ஒன்று நுழையாது. “முடையும்போதே மூணு அளவா முடையச் சொல்லுங்க, அடுக்குச் சட்டி மாதிரி உள்ள போகணும்” என்றார். அடுத்த வாரம் அப்படியே மாற்றி முடைந்து கொண்டுபோனோம்; 20 பெட்டி 8 பெட்டியானது. ஓலை முடையும் பெண்களுக்குக் கூலியும் குறையவில்லை, பாய்க்கும் மூன்று அளவில் விற்கச் சரக்குக் கிடைத்தது. இந்த ஒரு யோசனைக்காக மட்டுமே அந்த நிறுவனத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்று சொன்னால் மிகையில்லை.

பலகைத் தட்டு விஷயத்திலும் அவர்கள் சொன்னதே சரி. பேலட் என்று எல்லோரும் சொல்லும் அந்தத் தட்டுகளை நாங்கள் ஊர் மரக்கடையில் மாம்பலகையில் அடித்துக் கொண்டுபோயிருந்தோம். மேற்பார்வையாளர் அவற்றைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பக்கவாட்டில் கோதுமைக் கதிர் போன்ற சின்னமும், நாட்டின் குறியும், வெப்பத்தில் பதப்படுத்தியதற்கான எச்.டி. அல்லது புகையூட்டியதற்கான எம்.பி. என்ற எழுத்தும் சூடு போட்டிருக்க வேண்டும். மரத்தின் உள்பகுதி 56 டிகிரி வெப்பத்தில் தொடர்ந்து 30 நிமிடமாவது இருந்திருந்தால்தான் எச்.டி. முத்திரை கிடைக்கும், பலகைக்குள் இருக்கும் வண்டும் புழுவும் இன்னொரு நாட்டின் காட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட சர்வதேச விதி அது. எங்கள் மாம்பலகையில் இருந்ததெல்லாம் தச்சர் பென்சிலால் போட்ட கணக்கு மட்டும். நான்கு தட்டையும் ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, முத்திரையிட்ட நான்கை அங்கேயே விலைக்கு வாங்கினோம். தட்டோடு சேர்த்து அளந்தபோது மொத்தக் கன அளவு 6.9 ஆக வந்தது. அன்று அது தண்டச் செலவாகத் தோன்றியது. முத்திரையில்லாத பலகை மறுகரையில் சிக்கினால் அங்கேயே எரிக்கவோ திருப்பி அனுப்பவோ ஆகும் செலவை விசாரித்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

வற்றலின் ஈரம் பார்க்கும் கருவியை அவர்களே வைத்திருந்தார்கள். 11 சதவீதத்துக்கு மேல் காட்டிய ஆறு பெட்டிகளைத் திருப்பிவிட்டார்கள். அந்த வற்றல் கடைசிப் பறிப்பு; கோடை மழை தூறிய நாளில் களத்தில் கிடந்தது. ஈரத்தோடு பெட்டிக்குள் போனால் பூசணம் பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும் என்பதும், ஐரோப்பிய ஒன்றியத்தில் வற்றலுக்கு அந்த நஞ்சு ஒரு கிலோவுக்கு மொத்தம் 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பதும் அப்போது அவர்கள் சொல்லித் தெரிந்தவை. தூத்துக்குடியிலேயே நறுமணப் பொருள் வாரியத்தின் ஆய்வகம் இருப்பதால் மாதிரி எடுப்பதும் முடிவு வருவதும் பெரிய தாமதமில்லாமல் நடந்தன. கருப்பட்டிக்கு உள்ளே தடித்த பாலிதீன் உறை போட்டு, ஈரம் உறிஞ்சும் பைகளை வைக்கச் சொன்னார்கள். இரவில் கண்டெய்னரின் கூரைத் தகடு குளிர்ந்து, உள்ளே இருக்கும் ஈரக்காற்று நீராகச் சொட்டும் என்றார்கள். சொட்டு விழுந்த கருப்பட்டி எப்படிப் பிசுபிசுத்துப் போகும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சுங்கத் துறை நடைமுறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஷிப்பிங் பில் போட்ட மறுநாளே ஏற்றுமதி அனுமதி கிடைத்தது.

இனி மனத்தாங்கல். விலைக்குறிப்பில் கிளாங்குக்குக் கப்பல் கூலி கன மீட்டருக்கு 5 அமெரிக்க டாலர் என்று போட்டிருந்தார்கள். 6.9 கன மீட்டருக்கு 34 டாலர் சொச்சம். சாயல்குடியிலிருந்து தூத்துக்குடிக்கு மினி லாரிக்குக் கொடுத்த வாடகை அதைவிட அதிகம். தூத்துக்குடியில் ஆகும் கிடங்குக் கூலி, ஆவணக் கட்டணம், சரக்கை ஏற்றுக்கொண்டதற்கான கப்பல் ஆவணமான பி.எல்.லுக்குக் கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனி வரிகளாக, ஜி.எஸ்.டி. சேர்த்து ஒளிவுமறைவில்லாமல் காட்டியிருந்தார்கள். மறுகரைச் செலவைப் பற்றி ஒரே ஒரு வரி: ‘இறக்குமதித் துறைமுகச் செலவுகள் நடைமுறைப்படி’. நான் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன். கடல் கடந்து ஒரு டன்னுக்கு மேற்பட்ட பண்டத்தை 34 டாலருக்குக் கொண்டுபோக எந்தக் கப்பல்காரனாலும் முடியாது என்பது அந்த இடத்தில் எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சி.ஐ.எஃப். என்ற நிபந்தனையில் விற்றிருந்தோம். அதாவது கிளாங் துறைமுகம் வரை கூலியும் காப்பீடும் எங்கள் பொறுப்பு. இறங்கிய பிறகு ஆவது வாங்குபவரின் பொறுப்பு. சரக்கு போய்ச் சேர்ந்து நான்கு நாள் கழித்துப் பாய் ஒரு ரசீதைப் படமெடுத்து அனுப்பினார். பிரித்தெடுக்கும் கட்டணம், கிடங்குக் கட்டணம், ஒப்படைப்பு ஆணைக் கட்டணம், ஆவணக் கட்டணம், நிர்வாகக் கட்டணம் என்று பத்து வரிகளுக்கு மேல். கூட்டினால் 1,100 ரிங்கிட்டைத் தாண்டியது. அன்றைய மாற்று மதிப்பில் நாங்கள் கொடுத்த கப்பல் கூலியைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு. “தம்பி, கப்பலுக்கு நீங்க குடுத்தது டீக்காசு; இறக்குறதுக்கு நான் குடுத்தது பந்திச் செலவு” என்று அவர் குரல் பதிவு அனுப்பியிருந்தார். கோபமாகப் பேசவில்லை. அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

இதில் கள்ளத்தனம் எதுவும் இல்லை, தொழிலே அப்படி நடக்கிறது என்பதைப் பிறகு நான்கு பேரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பலருடைய சரக்கைச் சேர்க்கும் நிறுவனம், கப்பல் கம்பெனிக்கு ஒரு முழுக் கண்டெய்னருக்கான கூலியைக் கட்டுகிறது. பெட்டி பாதி காலியாகப் போனால் நட்டம் அதனுடையது. ஆகவே இந்தப் பக்கத்தில் ஏற்றுமதியாளரை இழுக்கக் கன மீட்டருக்கான கூலியை அடிமட்டத்துக்கு இறக்குகிறது. சில தடங்களில் கூலி சுழியமாகவும், ஏன், முகவருக்கே திருப்பிக் கொடுப்பதாகவும் இருக்கிறது. விட்டதை மறுகரையில் உள்ள தன் கூட்டாளி முகவர் மூலம் வாங்குபவரிடம் எடுத்துக்கொள்கிறது. ஒப்படைப்பு ஆணை அந்தக் கூட்டாளியின் கையில் இருக்கிறது. அது இல்லாமல் கிடங்கிலிருந்து ஒரு பெட்டியும் வெளியே வராது. நாள் கடந்தால் வாடகை ஏறும். வாங்குபவர் பேரம் பேச எந்த இடமும் இல்லை. கூலியை யார் கட்டுகிறாரோ அவரே முகவரைத் தேர்ந்தெடுக்கிறார், செலவில் பெரும்பகுதியைக் கட்டுபவருக்கோ தேர்ந்தெடுப்பில் குரலே இல்லை. குறைந்த கூலி என்று நான் தேர்ந்தெடுத்த விலைக்குறிப்பு, என் வாடிக்கையாளரின் பையிலிருந்து எனக்குக் கொடுக்கப்பட்ட தள்ளுபடி.

இதை நேரில் கேட்கப் போனேன். அதே தம்பி தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, “அங்க உள்ள சார்ஜ் நம்ம கையில இல்ல அண்ணாச்சி, அது கன்சைனி பாடு” என்றார். சரக்கைப் பெறுபவரைத்தான் கன்சைனி என்கிறார்கள். சட்டப்படி சரியான பதில்தான். புவிசார் குறியீட்டையும் பலகை முத்திரையையும் கேளாமலே சொன்ன நிறுவனத்துக்கு, கிளாங்கில் தன் கூட்டாளி வாங்கும் கட்டணப் பட்டியல் மட்டும் தெரியாமலிருக்குமா என்று கேட்டேன். பட்டியல் இருப்பதாக ஒப்புக்கொண்டார். கேட்டால் கொடுப்பார்களாம், கேட்காதவருக்கு அனுப்பும் வழக்கமில்லையாம். என் பார்வையில் இந்தச் சேவையின் பெரிய குறை இதுதான். பணத்தைவிட எனக்கு உறுத்தியது, கேட்க வேண்டும் என்பதே தெரியாத புதிய ஆள் என்று தெரிந்தும் அவர்கள் சும்மா இருந்தது. பாய்க்கு அடுத்த பட்டியலில் கருப்பட்டி விலையைக் குறைத்துப் பாதிச் செலவை ஏற்றுக்கொண்டேன்.

இரண்டாவது குறை தகவல். 12 நாளில் போய்ச் சேரும் என்றார்கள், 26 நாளானது. காரணத்தில் நியாயம் இருக்கிறது. 2023ஆம் ஆண்டு நவம்பருக்குப் பிறகு செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால், ஐரோப்பாவுக்குப் போகும் பெரிய கப்பல்கள் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. ஒவ்வொரு நடையும் பத்து நாளுக்கு மேல் நீண்டதால் கால அட்டவணை குலைந்து, கப்பல்கள், சரக்கை ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் மாற்றேற்றத் துறைமுகங்களில் ஒரே நேரத்தில் குவிந்தன. 2024ஆம் ஆண்டு கோடையில் சிங்கப்பூரிலும் கொழும்பிலும் நெரிசல் இருந்தது. எங்கள் சரக்குக்கும் செங்கடலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இருந்தும் கொழும்பில் 11 நாள் கிடந்தது. வ.உ.சி. 1906ஆம் ஆண்டு சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிக் கப்பல் விட்டதும் இதே தூத்துக்குடி – கொழும்பு வழியில்தான்; ஒரு நாளுக்குள் கடக்கும் தூரம், இன்றும் எங்கள் பண்டத்தின் விதி அங்கேதான் எழுதப்படுகிறது.

தாமதத்தை மன்னிக்கலாம், மௌனத்தை மன்னிக்க முடியவில்லை. முகவர் எங்களுக்குக் கொடுத்தது ஹவுஸ் பி.எல். என்ற அவர்களுடைய சொந்த ஆவணம். அந்த எண்ணைக் கப்பல் கம்பெனியின் இணையதளத்தில் போட்டால் எதுவும் வராது. கண்டெய்னர் எண்ணைக் கேட்டு வாங்கினேன். நான்கு ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட அந்த எண்ணைத் தினமும் காலையில் போட்டுப் பார்ப்பது பஞ்சாங்கம் பார்ப்பது போல வழக்கமானது. ஏழாவது நாள் அந்தக் கண்டெய்னர் வேறெங்கோ போவதாகக் காட்டியது. பதறிப்போய்த் தொலைபேசியில் கேட்டபோதுதான் சொல்கிறார்கள்: சிறு சரக்கைக் கொழும்பில் பிரித்து, கிளாங்குக்குப் போகும் மற்றச் சரக்குகளோடு வேறொரு கண்டெய்னரில் திரும்ப அடுக்குவார்கள், ஆகவே எண் மாறிவிடும். வற்றல் நெடி மற்றவர் துணிமணியில் ஏறிவிடும் என்பதால் உணவுப் பண்டங்கள் சேரும் கண்டெய்னருக்காகக் காத்திருந்தது தாமதத்துக்கு இன்னொரு காரணம். நல்ல காரணம். புறப்படும் முன்பே சொல்லியிருந்தால் பாய் தம் கடைக்காரர்களிடம் வேறு தேதி சொல்லியிருப்பார். பெட்டிகள் இரண்டு முறை ஏறி இறங்கும் என்று தெரிந்திருந்தால் நானும் ஐந்தடுக்கு அட்டைக்குப் பதிலாக ஏழடுக்கு அட்டை வாங்கியிருப்பேன். மூலை நசுங்கிய பெட்டிகள் ஒன்பது. அந்தச் சேதத்துக்குக் காப்பீட்டுப் பணம் வந்தது. சி.ஐ.எஃப். விற்பனைக்குக் குறைந்தபட்சமாகப் போதுமான ‘சி’ பிரிவுக் காப்பீட்டைத் தவிர்த்து, விரிவான ‘ஏ’ பிரிவை, விலைப்பட்டியல் மதிப்பின் 110 சதவீதத்துக்கு எடுக்கச் சொன்னதும் அவர்கள்தான் என்பதை மறைக்கக் கூடாது.

ஜெபல் அலிக்கு அனுப்பிய இரண்டாவது சரக்கைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அப்போது கேட்க வேண்டியவை என் கையில் பட்டியலாக இருந்தன; கேட்டவற்றுக்கெல்லாம் பதில் வந்தது. சில்லறைப் பாக்கெட்டா, மொத்தச் சிப்பமா என்று முதலிலேயே கேட்டு, பாக்கெட் என்றால் அரபு மொழியில் விவரச்சீட்டு வேண்டும் என்று எச்சரித்தார்கள். நாங்கள் மொத்தச் சிப்பமாகவே அனுப்பினோம். 2022ஆம் ஆண்டு மே 1 முதல் நடைமுறையில் உள்ள இந்திய – அமீரக ஒப்பந்தத்தின்படி வாங்குபவர் கேட்ட பிறப்பிடச் சான்றிதழையும் இணையவழியில் எடுத்துக் கொடுத்தார்கள். பி.எல். வரைவில் நிகர எடையை மொத்த எடை இருக்க வேண்டிய இடத்தில் போட்டிருந்தார்கள். வரைவிலேயே கண்டுபிடித்ததால் பிழைத்தோம். கப்பலின் சரக்குப் பட்டியல் தாக்கலான பிறகு திருத்துவதானால் அதற்குத் தனிக் கட்டணமும் அலைச்சலும் உண்டு. வரைவு இரவு பதினொரு மணிக்கு வந்தது, காலை ஒன்பதுக்குள் ஒப்புதல் கேட்டார்கள். இப்படி அவசரப்படுத்துவது அவர்களுக்கு வழக்கமாகவே இருக்கிறது.

மாற்று வழிகளையும் பார்த்துவிட்டேன். மாதிரிக்காகச் சில கிலோ அனுப்புவதற்கு அஞ்சல் துறையின் ஏற்றுமதி மையங்கள் போதும். சுங்க அறிவிப்பையும் அங்கேயே இணையத்தில் முடித்துவிடலாம். தனியார் கூரியரில் கருப்பட்டியின் விலையைவிடக் கூலி பல மடங்கு ஆகிறது. கப்பலில் ஏற்றும் வரை மட்டுமே எங்கள் பொறுப்பு என்ற எஃப்.ஓ.பி. நிபந்தனையில் விற்று, வாங்குபவரே தம் முகவரை நியமித்துக்கொள்ளச் சொல்வது மூன்றாவது வழி. மறுகரைச் செலவைப் பேரம் பேசும் வாய்ப்பு அப்போது அவருக்கே கிடைக்கும். துபாய் வாடிக்கையாளர் அதையே விரும்புகிறார். கிளாங் பாய்க்கு அந்த அலைச்சல் வேண்டாமாம்.

ஆகவே இந்த நிறுவனத்தை நான் விட்டுவிடவில்லை. உணவுப் பண்டத்தை முதன்முறையாக அனுப்புபவருக்குக் கட்டும் முறையையும் காகிதங்களையும் இவ்வளவு பொறுமையாகச் சொல்லித்தருபவர்கள் தூத்துக்குடியில் நான் பார்த்த வரையில் வேறு யாரும் இல்லை. சென்று பார்த்த மற்ற இரண்டு அலுவலகங்களில் ஏழு கன மீட்டர் என்றதும் முகத்தைக்கூட நிமிர்த்தவில்லை. மீன், நண்டு போன்ற குளிர்பதனச் சரக்கை இவர்கள் எப்படிக் கையாளுவார்கள் என்பதற்கு இந்த அனுபவம் எதுவும் சொல்லாது. மண்டபம், பாம்பன் பக்கத்து நண்பர்கள் அதைத் தனியாக விசாரித்துக்கொள்வது நல்லது. தேதி தவறினால் தொழிலே கெட்டுவிடும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இவர்கள் பொருந்த மாட்டார்கள்.

இந்த ஆண்டுக் கருப்பட்டி வரத் தொடங்கியதும் கிளாங்குக்கு மறுபடி விலை கேட்டேன். கொழும்பில் பிரித்து அடுக்கும் விவரத்தையும், இறக்குமதித் துறைமுகச் செலவையும் அவர்களுடைய அலுவலகத் தாளில் எழுதித் தந்தால்தான் சரக்குத் தருவேன் என்று சொல்லியிருந்தேன். இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டது. கப்பல் கூலி கன மீட்டருக்கு 22 டாலர், மறுகரைச் செலவு ஒன்பது வரிகளில் தனியே. மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் சென்ற முறையைவிடக் குறைவு. அந்த ஒன்பதில் இரண்டு வரிகள் ஒரே வேலைக்கு இரண்டு பெயரில் இருப்பதாகப் பாய் சொல்கிறார். அதற்கு விளக்கம் கேட்டு நேற்று எழுதியிருக்கிறோம்.